இருந்தே தீர வேண்டிய கடவுள்

கேள்வி: கடவுள் இல்லாமல் இருக்கவே முடியாது என்று தர்க்கத்தாலேயே காட்டிவிடலாம் என்கிறார் என் நண்பர். அப்படிக் காட்டிவிட்டால், உலகில் ஏன் இத்தனை துன்பம் என்ற கேள்வியும் அடங்கிவிடுமா?

பதில்: அடங்காது. இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. என் தங்கை மகன் ஆறு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். முதுகில் ஊசி போடும் நாட்களில் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வான். அந்த வாதங்கள் எல்லாம் அப்போதே எனக்கு மனப்பாடம்.

பிறிதொன்றைச் சார்ந்து இருப்பவற்றுக்கெல்லாம் அடியில், எதையும் சாராத ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றார் இடைக்காலப் பாரசீக மெய்யியலாளர் இப்னு சினா. சரி, இருக்கட்டும். அது கருணை உள்ளது என்று காட்ட வேறு வாதம் வேண்டும்.

உங்கள் நண்பர் சொல்வது அநேகமாக அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் வைத்த வாதமாக இருக்கும். உலகம் எப்படியெல்லாம் இருந்திருக்கக்கூடுமோ, அந்த ஒவ்வொரு வகையையும் ஒரு 'சாத்திய உலகம்' என்பார்கள். எல்லாச் சாத்திய உலகங்களிலும் முழு ஆற்றலோடும் அறிவோடும் நன்மையோடும் இருக்கும் ஒருவர் 'இருக்கக்கூடும்' என்று மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு சாத்திய உலகில் இருந்தாலே எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும், அப்புறம் நம் உலகிலும் இருக்கிறார் என்றாகிவிடும். நன்மை இங்கே கடவுள் என்பதன் வரையறையிலேயே அடங்கிவிட்டது. சிக்கலும் அங்கேதான். வில்லியம் ரோ என்ற மெய்யியலாளர் 1979இல் ஒரு மான்குட்டியைக் காட்டினார்: காட்டுத்தீயில் வெந்து, யார் கண்ணிலும் படாமல், பல நாள் துடித்துச் சாகிறது. எந்த நன்மைக்கும் உதவாத அப்படி ஒரு வேதனை ஏதோ ஒரு சாத்திய உலகில் நடக்கக்கூடும் என்று வையுங்கள். அந்த உலகில் அந்தக் கடவுள் இருக்க முடியாது. அங்கே இல்லையென்றால் எங்குமே இல்லை. 'இருக்கக்கூடும்' என்ற அந்த ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது! ஆக, அந்த வாதத்தை ஏற்கும் முன்பே துன்பத்தின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தன் வாதம் கடவுளை நிரூபித்துவிடவில்லை என்று பிளான்டிங்காவே ஒப்புக்கொண்டார். துன்பத்துக்கு அவர் சொன்ன பதிலும் வேறு. அது மனிதரின் சுதந்திரத்தைப் பற்றியது.

நண்பருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வேறு வழியில் உறுதியான நம்பிக்கைக்கு வந்தவர், 'இந்த வலிக்கு ஏதோ காரணம் இருக்கும்' என்று முடிவு செய்வதில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் காரணம் உண்டு என்பது வேறு, காரணம் இன்னது என்பது வேறு. என் தங்கை என்னிடம் கேட்டது இரண்டாவதை.