துளை சிறியது, தையல் உள்ளே இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 46. சர்க்கரை நோய் உண்டு. ஃபைப்ராய்டு கட்டிகளுக்காக லேப்ராஸ்கோபி முறையில் கர்ப்பப்பையை அகற்றி 6 நாட்கள் ஆகின்றன. வலி அதிகமில்லை. அடுத்த வாரமே வீட்டு வேலைகளைத் தொடங்கலாமா? சிக்கல் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: வலி இல்லாததுதான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. வயிற்றில் தெரியும் சிறு துளைகள் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் கர்ப்பப்பையைக் கழுத்தோடு எடுத்தபின், பிறப்புறுப்பின் மேல்முனையை மூடி உள்ளே தையல் போட்டிருப்பார்கள். அது ஆற வாரக்கணக்காகும். அந்தத் தையல் பிரிவது அரிதுதான். பிரிந்தாலோ குடலே அந்த வழியாக இறங்கக்கூடும்.

சமைப்பது, துணி மடிப்பது போன்ற லேசான வேலைகளை முடிந்த அளவு செய்யுங்கள். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் ஆகியவற்றை 6 வாரங்களுக்குத் தொடவே வேண்டாம். தாம்பத்திய உறவைக் குறைந்தது 8 வாரங்கள் தள்ளிப்போடுங்கள். அதன்பிறகும் மருத்துவர் உள்தையலைப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். முக்கி மலம் கழிப்பதும் பாரம் தூக்குவது போலத்தான். தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும். காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுவது கட்டுப்படாத சர்க்கரை. மாத்திரையையோ இன்சுலினையோ ஒரு வேளைகூட விடாதீர்கள். கட்டிலிலேயே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். வீட்டுக்குள் அடிக்கடி நடங்கள்.

சில வாரங்களுக்குப் பழுப்பு நிறத்தில் லேசாகக் கசிவது இயல்பு. தண்ணீர் போல ஓயாமல் கசிந்தால் மட்டும் வெள்ளைப்படுதல் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகக் குழாயிலோ பட்ட காயம், அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தும் இப்படித் தலைகாட்டும். விலாவில் வலி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, உப்புசத்தோடு வாந்தி, துர்நாற்றம், திடீர் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம் என எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், பிறப்புறுப்பு வழியாக ஏதோ பிதுங்குவது போலிருந்தால், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

அகற்றிய கர்ப்பப்பையின் பயாப்சி அறிக்கையைப் பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். மறு பரிசோதனைக்குச் செல்லும்போது அதைக் கேட்டு வாங்கி, மருத்துவரிடம் காட்டுங்கள்.