மனித இனம் அழிந்த பிறகும் நம் கருத்துகள் வாழ்ந்து, தாமாகவே பரிணமிக்குமா?

மிஞ்சும், ஆனால் பரிணமிக்காது. இன்றைய நிலையில் என் பதில் இதுதான்.

ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கற்பதால் பரவும் எதுவும் பண்பாட்டுக் கருத்துதான்: தாலாட்டு, சமையல் பக்குவம், வதந்தி, சாமி நம்பிக்கை. 1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இதற்கு 'மீம்' என்று பெயர் வைத்தார். பரிணாமம் நடக்க நகலெடுக்க வேண்டும், நகலில் சிறு பிசகு வேண்டும், சில நகல்கள் மட்டும் நிலைக்க வேண்டும். கருத்துகளுக்கு இதையெல்லாம் செய்துகொடுப்பது நம் மூளை.

உறைமோரை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் பால் கிடைத்தால் தலைமுறைகள் தாண்டியும் ஓடும். பால் நின்றால் அதோடு சரி.

சிந்துவெளி முத்திரைகள் 4,000 ஆண்டுகளாக இருக்கின்றன. படிக்க ஆளில்லாததால் அந்த எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளையும் படங்களையும் பதித்து அனுப்பிய தங்கத்தட்டுக்கும் (இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதில் உண்டு!) அதே கதிதான்.

ஆனால் கருத்துகளை நகலெடுப்பது மனித மூளையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பாட்டுக் கற்கின்றன. கிழக்கு ஆஸ்திரேலியப் பாட்டுகள் சில ஆண்டுகளில் பிரெஞ்சு பாலினீசியா வரை போயிருக்கின்றன. கணினியிலும் நடந்திருக்கிறது: 1990-களின் தொடக்கத்தில் உயிரியலாளர் தாமஸ் ரே உருவாக்கிய 'டியெரா' என்ற கணினிச் செயற்கை உலகில், தம்மைத் தாமே நகலெடுக்கும் நிரல்களிலிருந்து, மற்ற நிரல்களைப் பயன்படுத்தித் தம்மை நகலெடுத்துக்கொள்ளும், யாரும் எழுதாத ஒட்டுண்ணி நிரல்கள் முளைத்தன. மின்சாரமும் பழுதுபார்ப்பும் மனிதர் கையில் இருக்கும்வரை இதுவும் நம்மோடு முடிந்துவிடும்.

'தாமாகப் பரிணமிப்பது' என்றதும் கருத்துக்கு ஏதோ ஆசையோ திட்டமோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த ஒட்டுண்ணிகளுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை, நகலெடுப்பு மட்டுமே நடந்தது.