“பர்மிட்டை கேன்சல் பண்ணிடுவேன்” என்று முதலாளி மிரட்டினால்

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருக்கிறேன். படிப்பு முடித்ததும் கிடைத்த பர்மிட் தீரும் நேரத்தில், எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) எடுத்துத் தருகிறேன் என்று முதலாளி முன்வந்தார். 30,000 டாலர் பேசி, 18,000 கொடுத்துவிட்டேன். வாரம் 60 மணி நேரம் வேலை வாங்குகிறார். சம்பளச் சீட்டில் 40 மணி நேரம்தான் இருக்கிறது. வங்கியில் விழும் சம்பளத்திலும் மாதம் 800 டாலரைக் கையில் காசாகத் திருப்பித் தர வேண்டும். மறுத்தால் “பர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்” என்கிறார். எல்.எம்.ஐ.ஏ. மூலம் கிடைத்த இந்தப் பர்மிட் முடிய நாலு மாதம் இருக்கிறது. பணம் கொடுத்தவன் நானும்தானே, புகார் செய்தால் நானே மாட்டிக்கொள்வேனா? உடனே வேறு உணவகத்தில் சேரலாமா?

பதில்: மிரட்டலில் இருந்தே தொடங்குவோம். உங்கள் வேலை அனுமதியைக் கொடுத்தது கனடா குடிவரவுத் துறை. அதை ரத்து செய்யும் அதிகாரம் அரசுக்கு மட்டும்தான், உணவக முதலாளிக்கு இல்லை. ஒருவரை நாட்டை விட்டு அனுப்புவதும் எல்லைச் சேவை முகமையின் வேலை. அதிகம் போனால் அவர் உங்களை வேலையை விட்டு நிறுத்தலாம். நிறுத்தினாலும் பர்மிட்டில் போட்டிருக்கும் தேதி வரை நீங்கள் சட்டப்படி கனடாவில் இருக்கலாம்.

ஆனால் வேறு உணவகத்தில் சேரலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, “உடனே சேரக் கூடாது” என்பதே பதில். உங்கள் பர்மிட்டில் முதலாளியின் பெயரும் வேலையும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். வேறு கடையில் ஒரு நாள் ‘ட்ரெயினிங்’ போனாலும் அனுமதியில்லாத வேலைதான். இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை அந்த ஒரு நாள் கெடுத்துவிடும்.

எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பத்துக்கு அரசு வாங்கும் கட்டணம் ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர். அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. தொழிலாளியிடம் திருப்பி வாங்குவதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2022 செப்டம்பர் 26 அன்று குடிவரவு விதிமுறைகள் மேலும் இறுக்கப்பட்டன. ஆள் சேர்ப்பதற்கான எந்தக் கட்டணத்தையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது, கையெழுத்தான வேலை ஒப்பந்தத்தின் நகலை முதல் நாளே தர வேண்டும் என்பவை அதில் வந்தன. உங்கள் கையில் ஒப்பந்த நகல் இருக்கிறதா? இல்லையென்றால் அதுவும் ஒரு மீறல், குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்ட வேண்டியிருந்தது பர்மிட் விண்ணப்பத்துக்கு 155 டாலர், கைரேகை எடுத்திருந்தால் இன்னும் 85. மீதி முழுவதும் அவருடைய வியாபாரம்.

இந்த வியாபாரத்துக்கு இவ்வளவு விலை ஏறியதற்குக் காரணம், முன்பு எல்.எம்.ஐ.ஏ. இருந்தால், பி.ஆர். எனும் நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் தேரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில் 50 அல்லது 200 புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்தன. 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகள் எடுக்கப்பட்டுவிட்டன. பழைய கதையைச் சொல்லியே இன்னும் பணம் கறப்பவர்கள் இருக்கிறார்கள். “மிச்சத்தைக் கொடுத்தால் பி.ஆர். பாயின்ட் வரும்” என்று உங்கள் முதலாளி சொன்னால் அது பொய். பாக்கி 12,000 டாலரை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

சரி, நீங்கள் உண்மையில் பயப்படும் கேள்விக்கு வருகிறேன். இங்கே இரண்டு வகை ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வேலையே செய்யாமல், சம்பளச் சீட்டையும் டி4 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றையும் காகிதத்தில் மட்டும் வாங்கியவர். அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். பிடிபட்டால் ஐந்து ஆண்டு கனடாவுக்குள் நுழையத் தடை வரும். இன்னொருவர் அடுப்படியில் உண்மையிலேயே வாரம் 60 மணி நேரம் நின்று, அந்த வேலைக்கே பணமும் கொடுக்க வைக்கப்பட்டவர். சட்டம் அவரைச் சுரண்டப்பட்டவராகப் பார்க்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நீங்கள் இந்த இரண்டாவது ஆள். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் பெயரில் எந்த விவரமாவது பொய்யாக எழுதப்பட்டிருந்தால், உதாரணமாக இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் வைத்திருந்தால், வாயைத் திறக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

உங்களுக்குப் பொருந்தும் வழி, பாதிக்கப்படக்கூடிய தொழிலாளர்களுக்கான திறந்த வேலை அனுமதி. 2019 ஜூன் 4 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட பர்மிட்டில் இருப்பவர், அந்த வேலையில் துன்புறுத்தப்படுகிறார் அல்லது அந்த ஆபத்தில் இருக்கிறார் என்று நம்பத் தகுந்த காரணம் காட்டினால், வேறு முதலாளிகளிடம் வேலை செய்யத் திறந்த பர்மிட் தரலாம். அடி உதை மட்டும் துன்புறுத்தல் அல்ல. உடல், பாலியல், மனம், பணம் என்று நான்கையும் விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பணம் சார்ந்ததில் மோசடியும் மிரட்டிப் பறிப்பதும் வெளிப்படையாகவே உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை, எல்.எம்.ஐ.ஏ. தேவையில்லை. பொதுவாக 12 மாதத்துக்குக் கொடுப்பார்கள். இது பி.ஆர். ஆகாது, நல்ல முதலாளியைத் தேட ஓர் ஆண்டு அவகாசம், அவ்வளவுதான்.

நீங்கள் கனடாவுக்குள் இருந்து, கையில் உள்ள பர்மிட் உயிரோடு இருக்கும்போதே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பர்மிட் தீர்ந்த பிறகு 90 நாளுக்குள் அந்தஸ்தை மீட்கக் கேட்கலாம் என்று ஒரு வழி இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் வேலை செய்ய முடியாது, இந்தத் திறந்த அனுமதியின் கதவும் மூடிவிடும். ஆகவே உங்கள் நாலு மாதத்தைக் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

அதற்கு முன் ஆதாரம் சேருங்கள். கோபத்தில் முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதில்தான். வேலை நேர அட்டவணையைப் படம் எடுங்கள். தினமும் எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்பளம் விழுந்த மறுநாளே 800 டாலர் எடுத்ததை வங்கிக் கணக்கு மாதா மாதம் காட்டும். காசுக்கு ரசீது இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு இதுதான் நல்ல சான்று. வாட்ஸ்அப் குரல் செய்திகளை அழிக்காதீர்கள். நீங்களும் பங்கெடுக்கும் உரையாடலைப் பதிவு செய்வது கனடாவில் குற்றம் இல்லை. எல்லாவற்றையும் முதலாளி தொட முடியாத ஒரு மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். பாஸ்போர்ட்டை அவர் வாங்கி வைத்திருந்தால் இப்போதே திருப்பிக் கேளுங்கள். ஒன்டாரியோ சட்டப்படி அவர் அதை வைத்திருக்கவே கூடாது.

அப்புறம் விண்ணப்பத்தோடு ஒரு கடிதம். பெரிய ஆங்கிலம் வேண்டாம். எந்தத் தேதியில் எவ்வளவு கேட்டார், எப்படிக் கொடுத்தீர்கள், மறுத்தபோது என்ன சொன்னார் என்பதை வரிசையாக எழுதினால் போதும். “இந்தப் பர்மிட்டை வாங்கித் தர 5,000 கொடு, கதையை நாங்களே எழுதுகிறோம்” என்று ஓர் ஏஜென்ட் வருவார். ஓடிவிடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர்களுக்கும், ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல்களுக்கும் (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்கள்), குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவர்களுக்கும்தான் அனுமதி. ஆலோசகருக்கு உரிமம் இருக்கிறதா என்று அந்தக் கல்லூரியின் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். காசில்லை என்றால் டொரொன்டோவில் தெற்காசியச் சட்ட மையம் போன்ற இலவச உதவிக் கூடங்கள் இருக்கின்றன.

முதலாளி மீதான புகார் தனி. மத்திய அரசின் சேவை அமைப்பான சர்வீஸ் கனடாவின் 1-866-602-9448 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம், தமிழிலும் பேசலாம். மீறல் உறுதியானால் ஒவ்வொன்றுக்கும் 500 முதல் 1,00,000 டாலர் வரை அபராதம் உண்டு. வெளிநாட்டு ஆட்களை எடுக்கத் தடையும் வரும், பெயரும் அரசு இணையதளத்தில் ஏறும். என் கருத்தில், திறந்த அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு இந்தப் புகாரைச் செய்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

பணத்தை மீட்பதற்கு மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சுக்குப் போக வேண்டும். கட்டணம் இல்லை. சீட்டில் காட்டாத 20 மணி நேரத்தை, 2025 அக்டோபரில் வந்த குறைந்தபட்சக் கூலியான 17.60 டாலரை வைத்தே பாருங்கள். 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பதால் வாரத்துக்கு 492.80 டாலர் வருகிறது. கொடுக்காத கூலிக்கு இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 18,000 டாலருக்கு வெளிநாட்டவர் வேலைப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி மனு; அதற்குக் காலம் கொஞ்சம் தாராளம், மூன்றரை ஆண்டு. முதலில் திறந்த அனுமதிக்கான விண்ணப்பத்தை முடியுங்கள், இவை இரண்டையும் அதன் பிறகு நிதானமாகப் போடலாம்.