மயிலிடமிருந்து வீட்டுத் தோட்டத்தைக் காப்பது எப்படி?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) குடியிருக்கிறோம். சாளையை ஒட்டி 3 சென்ட்டில் தக்காளி, மிளகாய், கீரை போட்டிருக்கிறேன். விடிந்தால் மயில்கள் கூட்டமாக வந்து பாத்தியைக் கிளறிவிடுகின்றன. பழுக்கிற தக்காளி ஒன்றும் மிஞ்சுவதில்லை. மினுமினுப்பு ரிப்பன் கட்டிப் பார்த்தேன், நாலு நாள்தான் பயந்தன. என்ன செய்யலாங்க?

பதில்: ரிப்பன், பழைய சேலை, தகர டப்பா எல்லாமே அப்படித்தாங்க அம்மா. மயில் சீக்கிரம் பழகிவிடும். மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்) தெளித்தாலும் வாடை இருக்கிற வரைக்கும்தான். அதோடு, வீட்டில் தின்கிற கீரையில் அதைத் தெளிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏக்கர் கணக்கில் வெள்ளாமை வைத்தவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுடையது 3 சென்ட்தான், மேலேயும் சேர்த்தே மூடிவிடலாம்.

பக்கத்தில் மட்டும் வேலி போட்டால் மயில் பறந்து உள்ளே இறங்கும். அதனால் மூங்கில் நட்டு, நீங்கள் உள்ளே நின்று காய் பறிக்கிற உயரத்துக்குப் பந்தல் போடுங்கள். மேலேயும் பக்கங்களிலும் ஒரு அங்குலக் கண் உள்ள கெட்டியான வலை போதும், தேனீ தாராளமாக நுழையும். தரையிலிருந்து 2 அடிக்கு மட்டும் நிழல்வலையைச் சுற்றி, அடி ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். விலை குறைவு என்று மெல்லிய மீன்வலை வாங்கிவிடாதீர்கள். அது தளர்ந்து தரையில் கிடந்தால் சாரைப்பாம்பு தலையை நுழைத்துவிட்டு, செதில் மாட்டிப் பின்னால் வரமுடியாமல், முறுக்கி முறுக்கியே செத்துப்போகும். அப்புறம் எலித் தொல்லைக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?

வலை கட்டக் கொஞ்ச நாள் ஆகும் என்றால், கீரை விதைத்த அன்றே பாத்தி மேல் வேலாமுள் சிம்புகளைப் பரப்பி வையுங்கள். நாலு இலை வந்ததும் மெதுவாக எடுத்துவிடலாம். தக்காளி, மிளகாய் நாற்றைக் குழித்தட்டில் வளர்த்து, தண்டு கொஞ்சம் திடமான பிறகு நடுங்கள். தக்காளியைச் செடியிலேயே பழுக்கவிட வேண்டாம். காயின் அடிப்பக்கம் லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ தட்டியதும் பறித்து வீட்டுக்குள் பரப்பி வைத்தால் சில நாளில் நன்றாகப் பழுத்துவிடும். மயில் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் கொத்த வருகிறது.

முயல், ஆடு தொல்லையும் இருந்தால், அதற்கு உங்கள் ஊர்க் கொறங்காட்டைச் (மேய்ச்சல் நிலத்தைச்) சுற்றி இருக்கிற கிளுவை வேலியே நல்ல தடுப்பு. மழைக்கு முன்னால் போத்து (கிளைத்துண்டு) வெட்டி நெருக்கி நடுங்கள். அடர்ந்து வர வருடக்கணக்கில் ஆகும்.

யார் சொன்னாலும் தானியத்தில் குருணைப் பூச்சிமருந்து கலந்து வைக்காதீர்கள். வேலியில் நேரடியாகக் கரண்டும் கொடுக்காதீர்கள். மயில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, கொன்றால் ஜெயில்தான். அதைவிட, அந்த மருந்தை உங்கள் கோழியும் தின்னும், அந்தக் கம்பியை உங்கள் வீட்டுப் பிள்ளையும் தொடும்.

இன்னொன்று: வாசலில் கோழிக்குச் சோளம், கம்பு இறைக்கிற வழக்கம் இருக்கிறதா? மயிலைச் சாளைப் பக்கம் இழுப்பதே பெரும்பாலும் அதுதான். தீனியை இன்றைக்கே கூண்டுக்குள் மாற்றி வைத்துவிடுங்கள்.