கடுமையான மருந்து எது?

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுப் பயித்தங்காய் நட்டிருக்கிறேன். கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்புப் பேன் அப்பிக் கிடக்கிறது. வாராவாரம் மருந்து அடித்தும் திரும்ப வந்துவிடுகிறது. இதைவிடக் கடுமையான மருந்து எது?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: சொல்ல மாட்டேன் அம்மா. அடிப்பதை நிறுத்துங்கள். மருந்தடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போத்தலில் போட்டிருக்கும். நீங்களோ பயித்தங்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பீர்கள். அப்புறம் எப்படி?

நாளைக் காலையில் ஒரு கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். பேன்களுக்கு நடுவே சாம்பல் கறுப்பில், ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊரலாம். விகாரமாக இருப்பதால் எல்லாரும் முதலில் நசுக்குவது அதைத்தான். அது பொறிவண்டின் புழு, பேனைத் தின்றே வளர்வது. வைக்கோல் நிறத்தில் உப்பி, அசையாமல் ஒட்டிக்கிடக்கும் பேன்கள் இருந்தால் அவற்றுக்குள் ஒரு சின்னக் குளவி முட்டையிட்டிருக்கிறது. முதுகில் வட்ட ஓட்டை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. உங்கள் மருந்து இவற்றையும் கொல்கிறது. பெண் பேன் ஆண் துணை இல்லாமலே குட்டி போடும்; ஒரு வாரம் போனால் அந்தக் குட்டியும் தாய். பொறிவண்டால் அந்த வேகத்துக்குப் பெருக முடியாது.

செம்பனைத் தோட்டங்கள் 1960-களிலேயே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. கண்டபடி மருந்தடித்ததில் குளவிகள் செத்து, ஓலை தின்னும் ஊலாட் பொங்குஸ் என்ற பைப்புழு பெருகியது. அடிப்பதை நிறுத்திய பிறகுதான் அடங்கியது. இன்று தோட்டச் சாலையோரம் மஞ்சள் பூச்செடி வரிசையாக நிற்கிறதே, குளவிக்குத் தேன் கிடைக்கத்தான். (நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலத்தில் அதைப் புல்லோடு சேர்த்து வெட்டித் தள்ளிய ஆட்களும் உண்டு.)

சரி, இப்போதைக்குப் பேன் மொய்த்த நுனியைக் கிள்ளிப் போடுங்கள். மிச்சத்தை ரப்பர் குழாய்த் தண்ணீரால் இலைக்கு அடியில் பீய்ச்சி அடியுங்கள். பந்தல் காலில் எறும்பு ஏறினால் கிரீஸ் தடவுங்கள். பேன் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். யூரியாவைக் குறையுங்கள், தளதளவென்ற கொழுந்துதான் பேனுக்குப் பிடித்தது. வாரம் இரண்டு முறை பார்த்தால் போதும். நாலைந்து பேன் இருந்தால் இருக்கட்டும், அதுகூட இல்லாவிட்டால் பொறிவண்டு எதைத் தின்னும்?

கேள்வி: பாகற்காய்க்குள் புழு வைத்து அழுகுகிறது.
– வாசகர், ஜெராம்

பதில்: பழ ஈயின் வேலை. பிஞ்சு விரல் நீளம் வரும்போதே பழைய நாளிதழைச் சுற்றிக் கட்டுங்கள். அழுகியதை உரக்குழியில் போடாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வையுங்கள், உள்ளே இருக்கும் புழு வெந்து சாகும்.