ஓபெத்: உறுமலும் மென்மையும் சேரும் இடம்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடனின் மெட்டல் இசைக்குழுவான ஓபெத்தின் ‘ஸ்டில் லைஃப்’ தொகுப்பைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். அந்தக் குழுவை 2009இல் சென்னை ஐஐடி வளாகத்தில் நேரில் கேட்டவன் நான். அன்று உடன் வந்த நண்பர்களோடு இன்றுவரை தீராத ஒரு விவாதத்தை உங்கள் முன் வைக்கிறேன். என் வரிசையில் ‘பிளாக்வாட்டர் பார்க்’ முதலிடம், ‘கோஸ்ட் ரெவரீஸ்’ இரண்டாமிடம். 2008இல் வந்த ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு அவர்கள் தொண்டையின் ஆழத்திலிருந்து கரகரத்து எழும் அந்த உறுமல் குரலைக் கைவிட்டார்கள், அதோடு இசையும் போய்விட்டது என்பது என் கட்சி. 2024இல் உறுமல் திரும்பியதும் இசையும் திரும்பியதே, அது போதாதா சான்றுக்கு? நீங்கள் ஏன் ‘ஸ்டில் லைஃப்’பை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறீர்கள்? ஒரே ஒரு பாடலைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் வரிசையைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கில்லை. நீங்கள் மேலே வைத்திருக்கும் இரண்டு தொகுப்புகளும் அந்த இடத்துக்குத் தகுந்தவைதாம். உறுமலை அளவுகோலாகக் கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உறுமல்தான் ஓபெத்தின் உயிர் என்றால் 1996இன் ‘மார்னிங்ரைஸ்’ அல்லவா உங்கள் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும்? ஐந்தே பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இசை, அதில் ‘பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்’ மட்டும் இருபது நிமிடம். உறுமலுக்கு அங்கே குறைவே இல்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தையும் ஊன்றிக் கேட்டால், தனித்தனியே அழகான பல துண்டுகள் அருகருகே அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது ஏன் அங்கே வருகிறது என்ற கேள்விக்கு அந்த இசைக்குள் பதில் கிடைப்பதில்லை.

நான் ஓபெத்தைக் கேட்பது அந்தப் பதிலுக்காகத்தான். அக்கூஸ்டிக் கிட்டாரின் மென்மையும், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடரான ரிஃப்பின் கனமும் அவர்களிடம் எப்போதும் உண்டு. இரண்டும் சேரும் இடத்தில்தான், மரவேலை செய்பவர்கள் பொருத்து என்று சொல்வார்களே அந்த இடத்தில்தான், குழுவின் பாடகரும் இசையமைப்பாளருமான மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டின் தேர்ச்சியும் தடுமாற்றமும் தெரிகின்றன. ‘மார்னிங்ரைஸ்’ வந்து இரண்டே ஆண்டில், ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்’ தொகுப்பில் அவர் இதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கத் தொடங்கிவிட்டார்; ஒரு பாடலின் கடைசிச் சொற்களே அடுத்த பாடலின் தலைப்பாகும்படி அதன் வரிகளை அமைத்தார். அடுத்த ஆண்டு ‘ஸ்டில் லைஃப்’ வந்தது.

மத நம்பிக்கையற்றவன் என்று ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவன், தான் நேசித்த மெலிண்டாவைத் தேடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊருக்குத் திரும்பும் கதை அது. ஏக்கமும் ஆத்திரமும் ஒரே மனிதனுக்குள் இருக்கின்றன என்பதால் மென்மைக்கும் கனத்துக்கும் இடையிலான ஒவ்வொரு திருப்பத்துக்கும் அங்கே ஒரு காரணம் அமைந்துவிடுகிறது. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘தி மூர்’ தொலைவிலிருந்து நடந்து வருபவனைப் போல மெல்ல நெருங்கி வருவதையும், கனத்த கிட்டார் நுழையும்போது அவன் ஊர் எல்லையை மிதித்துவிட்டான் என்று நமக்குத் தோன்றுவதையும் கவனியுங்கள். மார்ட்டின் மெண்டெஸ் இந்தக் குழுவோடு பதிவு செய்த முதல் தொகுப்பும் இதுதான். அவருடைய பேஸ் கிட்டார், மேலே கிட்டார்கள் திடீரென்று குணம் மாறும்போதும் கீழே ஒரே மூச்சாகப் போய்க்கொண்டிருக்கும். பொருத்து தெரியாமல் போவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

‘பிளாக்வாட்டர் பார்க்’ 2001இல் வந்தபோது போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பில் கைகொடுத்தார். குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்வது, வாத்தியங்களுக்கு இடையே காற்றோட்டம் விடுவது எல்லாம் அவரால் தெளிவடைந்தன. ‘பிளீக்’ பாடலில் அவர் குரலும் ஒலிக்கிறது. ‘தி டிரேப்பரி ஃபால்ஸ்’ பல நிமிடங்கள் தெளிந்த குரலிலேயே நகர்ந்து, பிறகு உறுமலுக்குள் இறங்கும் இடம் இந்தக் குழுவின் மிகச் சிறந்த பொருத்துகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது நல்ல பாடல்களின் தொகுப்பு. ‘ஸ்டில் லைஃப்’ எனக்கு முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை ஒரே படைப்பு. ‘கோஸ்ட் ரெவரீஸி’ல் ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்’ உங்களைப் போலவே என்னையும் உலுக்குகிறது. பத்து நிமிடம் நீளும் ‘தி கிராண்ட் கான்ஜுரேஷன்’ அதன் ரிஃப் தாங்கக்கூடியதைவிட நீளமானது என்பதே என் எண்ணம்.

இப்போது உங்கள் கட்சிக்கு வருகிறேன். 2003இன் ‘டாம்னேஷன்’ தொகுப்பில் ஒரு உறுமல்கூட இல்லை, கனத்த கிட்டாரும் இல்லை. அதில் ஒலிக்கும் மெல்லோட்ரான் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா ஓடும், அது ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். அந்த நாடாவின் லேசான நடுக்கம்தான் ‘இன் மை டைம் ஆஃப் நீட்’ போன்ற பாடல்களுக்கு அந்தத் துயர நிறத்தைத் தருகிறது. ‘டாம்னேஷ’னை மோசம் என்று சொல்லும் ஓபெத் ரசிகரை நான் சந்தித்ததில்லை, நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

2011இன் ‘ஹெரிட்டேஜ்’ எனக்கும் நிறைவளிக்கவில்லை. பல ஆண்டுகள் நானும் உங்களைப் போலவே உறுமல் இல்லாததுதான் குறை என்று எண்ணியிருந்தேன். பின்னர் வரிசையாகத் திரும்பக் கேட்டபோது, அதன் பாடல்களில் ஒரு பகுதி சட்டென்று நின்று, மௌனம் விழுந்து, தொடர்பில்லாத இன்னொன்று எழுவது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் கண்டேன். ‘மார்னிங்ரைஸி’ன் பழைய சிக்கல் அங்கே வேறு உடையில் திரும்பியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘பேல் கம்யூனிய’னில் உறுமல் இல்லாமலேயே அது பெரிதும் சரியாகிவிட்டது, ‘ஃபெய்த் இன் அதர்ஸ்’ பாடலை மட்டுமாவது எனக்காக ஒருமுறை கேளுங்கள். இந்த ஆண்டுகளில் பெரும்பாலும் ஓகர்ஃபெல்ட் மேடையில் பழைய பாடல்களை உறுமிக்கொண்டுதான் இருந்தார். உறுமல் அவரை விட்டுப் போகவில்லை. புதிய பாடல்கள் அதைக் கேட்கவில்லை.

2024இன் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ தொகுப்பு உறுமலைக் கேட்டது. முதல் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் ஒரு குடும்பத் தலைவரின் உயில் வாசிக்கப்படுகிறது. பாடல்களுக்குத் தலைப்புக்கூட இல்லை, கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் சட்ட ஆவணத்தின் பத்தி எண்கள்தாம். இறந்தவரின் கொடுங்குரலாக உறுமலும், அதற்கு ஊடே தெளிந்த குரலும், ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனுடைய பேச்சும் புல்லாங்குழலும் ஒரே பாடலுக்குள் மாறிமாறி வருகின்றன. ‘ஸ்டில் லைஃப்’பில் போலவே இங்கும் கதை திருப்பங்களுக்குக் காரணம் தருகிறது. அந்தத் தொகுப்பு உங்களுக்குப் பிடித்திருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஒரே பாடல் என்றால் ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’. அடக்கமான தாளமும் வழுக்கிச் செல்லும் பேஸும் தெளிந்த குரலுமாகத் தொடங்கி, ஏறத்தாழப் பாதியில் கனத்த கிட்டார்கள் நுழைகின்றன. உறுமல் வரப்போகிறது என்று ஓபெத்தை அறிந்த எவரும் அங்கே காத்திருப்பார்கள். அது வருவதில்லை, அந்தக் கனத்தின் மீதும் ஓகர்ஃபெல்ட் தெளிந்த குரலிலேயே பாடுகிறார், ஏனென்றால் கதையின் நாயகன் இன்னும் மெலிண்டாவின் எதிரில் நிற்கிறான். அந்தப் பாடலைத் தனியாகக் கேட்காதீர்கள். அடுத்து வரும் ‘செரினிட்டி பெயிண்டட் டெத்’தையும் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். மெலிண்டா கொல்லப்படுவது அங்கேதான். எட்டு நிமிடம் அடக்கி வைத்த உறுமல் எழுவதும் அங்கேதான்.