அமெரிக்கக் கல்லூரியில் ஃபிரட்டர்னிட்டியில் இருந்தவர்களுக்குப் பட்டம் வாங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது?

ஃபிரட்டர்னிட்டி என்பது கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கம்; உறுப்பினர்கள் சேர்ந்து வாழ ஒரு வீடும் பெரும்பாலும் உண்டு. அந்த வீட்டைச் சேர்ந்து நடத்திய பத்துப் பதினைந்து பேர் மிஞ்சுவார்கள். சந்தாவைக் கட்டிவிட்டு பார்ட்டிக்கு மட்டும் வந்து போனவருக்கு ஒரு சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ளும் பின்னும்தான் மிச்சம்.

இந்தக் கேள்விக்குள் மூன்று விஷயம் இருக்கிறது: சினிமாவில் காட்டுவதுபோல் வெறும் குடியும் கூத்தும்தானா, பட்டம் வாங்கிய பிறகு யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா, அங்கே படிக்கப் போகும் மகனைச் சேர விடலாமா. மூன்றுக்கும் பதில், அந்த அமைப்பு உள்ளே எப்படி ஓடுகிறது என்பதில் இருக்கிறது.

கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட முதல் சங்கம் ஃபை பீட்டா கப்பா, 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. இன்று அது நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவச் சங்கம். நாம் பேசும் வகை, நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் கப்பா ஆல்ஃபா சொசைட்டியோடு வேர்விட்டது. ஒரு கல்லூரியில் உள்ள கிளைக்கு சாப்டர் என்று பெயர். அதற்கு மேலே தேசியத் தலைமையகம் உண்டு. வீடு பெரும்பாலும் பழைய உறுப்பினர்கள் நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷனின் பெயரிலோ, பல்கலைக்கழகத்தின் பெயரிலோ இருக்கும். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள். பணம், பொறுப்பு, வழக்கு என்று எது வந்தாலும் யார் தலையில் விழும் என்பது அதைப் பொறுத்ததுதான்.

சேரும் வழி இப்படி. பருவத் தொடக்கத்தில் ரஷ்: வீடு வீடாகப் போய்ப் பேசும் நாட்கள். பிடித்துப்போனால் அவர்கள் பிட் கொடுப்பார்கள், அதாவது அழைப்பு. ஏற்றுக்கொண்டால் சில வாரங்கள் புது உறுப்பினர், பழைய பேச்சில் பிளெட்ஜ். ஒரு சீனியர் 'பிக் பிரதர்' ஆக அமைவார். கடைசியில் ரகசியச் சடங்கோடு முழு உறுப்பினர் ஆக்குவார்கள். கூடவே பிளெட்ஜாக இருந்தவர்கள்தான் பிளெட்ஜ் கிளாஸ். பின்னாளில் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய நட்பு பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்குள்ளேதான் அமைகிறது.

படிப்பு அடிவாங்குவதும் இந்த வாரங்களில்தான். மாலைதோறும் கூட்டம், வார இறுதியில் நிகழ்ச்சி. ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களை வைத்துச் செய்து 2018இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று, உறுப்பினர் ஆவதால் ஜிபிஏ (பாட மதிப்பெண்களின் சராசரி, பொதுவாக 4க்கு) சுமார் 0.25 புள்ளி குறைவதாகவும், பின்னாள் வருமானம் சுமார் 36 விழுக்காடு கூடுவதாகவும் கணக்கிட்டது. இரண்டாவது எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நிறைய. அது ஒரே கல்லூரியின் கணக்கு. எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. முதல் எண்ணுக்கோ கையில் மருந்து இருக்கிறது: சேரும் பருவத்தில் ஒரு பாடம் குறைவாக எடுங்கள், ஆய்வகத்தோடு வரும் கனமான பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் முதலாண்டு முதல் பருவத்தில் சேரவே வேண்டாம்.

இப்போது வீட்டை நடத்தும் வேலை. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் கையில் எவ்வளவு பணம் புரள்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஓர் உதாரணம்: 60 உறுப்பினர், ஒரு பருவத்துக்குத் தலைக்கு 800 டாலர் சந்தா என்றால் 48,000 டாலர். வாடகையும் சாப்பாடும் இதில் சேராது. இதிலிருந்து தலைமையகத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போகும், காப்பீட்டுக்குப் போகும், ரஷ் செலவு, நிகழ்ச்சிச் செலவு, அறப்பணி. பத்துப் பேர் கட்டாவிட்டால் 8,000 டாலர் ஓட்டை. பொருளாளர் சறுக்குவது எப்போதும் ஒரே இடத்தில்: முழுத் தொகையும் வந்துவிடும் என்று பட்ஜெட் போடுகிறார், நண்பனிடம் கறாராகக் கேட்கக் கூச்சப்படுகிறார், பணம் வருமுன்னே மண்டபத்துக்கும் இசைக்கும் முன்பணம் கொடுத்துவிடுகிறார். அடுத்த ஆண்டுப் பொருளாளர் கடனோடு தொடங்குகிறார். நல்ல சாப்டரில் பருவம் தொடங்குமுன்பே தவணைத் திட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். வரவேண்டியதில் 85 விழுக்காட்டை மட்டும் வைத்து பட்ஜெட் போடுவார்கள். தலைமையகத்துக்கும் காப்பீட்டுக்கும் போக வேண்டியதை முதலில் ஒதுக்குவார்கள். ஹவுஸ் மேனேஜர் பாடும் சாதாரணமானதல்ல: பாய்லர், அடைத்துக்கொண்ட கழிவுக் குழாய், தீயணைப்பு ஆய்வு, யார் எந்த வாரம் சமையலறை கழுவுவது என்ற பட்டியல். பின்னாளில் அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது தன் டெல்டா கப்பா எப்சிலான் வீட்டில் பாத்திரம் கழுவிச் செலவைச் சமாளித்தார்.

இந்த வேலைதான் பின்னாளைக்கு முதலீடு. வேலைக்கான பயோடேட்டாவில் மூன்று கிரேக்க எழுத்தை மட்டும் எழுதினால், அதே சங்கத்துக்காரர் கண்ணில் பட்டாலொழிய பயன் இல்லை. "60 பேர் கொண்ட அமைப்பின் 48,000 டாலர் வரவு செலவைப் பார்த்தேன், நிலுவையைப் பாதியாக்கினேன்" என்று எழுதினால் யாருக்கும் புரியும். மகனிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம் வேண்டுமென்றால் இது: இரண்டாம் ஆண்டுக்குள் ஒரு பொறுப்பை ஏற்கச் சொல்லுங்கள்.

கறுப்பின மாணவர்களின் சங்கங்களில் கதையே வேறு. அவர்களில் மூத்தது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பட்டம் வாங்கிய பிறகு ஊர் ஊராகப் பட்டதாரிக் கிளைகள் உண்டு. கூட்டம், சந்தா, கல்வி உதவித்தொகை எல்லாம் ஐம்பது அறுபது வயதிலும் தொடரும். பட்டதாரி ஆனபின் புதிதாகச் சேரவும் வழி உண்டு. மார்ட்டின் லூதர் கிங், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்த 1952இல்தான் இதில் சேர்ந்தார். வாஷிங்டனில் 2011இல் திறந்த அவரது நினைவுச் சின்னம் இந்தச் சங்கத்தார் தூக்கிச் சுமந்த திட்டம். பெண்களுக்கான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். 'கல்லூரி நாட்கள்' என்று இவர்கள் இறந்த காலத்தில் பேசுவது குறைவு.

தெற்காசியப் பிள்ளைகளுக்கென்றும் சங்கங்கள் வந்தன: 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நு டெல்டா, 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை. இவற்றுக்குப் பொதுவாகப் பெரிய வீடு இருக்காது, கூட்டம் சிறியது, செலவும் குறைவு. அங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு முதலில் அழைப்பு வருவது இங்கிருந்துதான். வீடு இல்லாததால் வீடு நடத்தும் பாடமும் இல்லை. அதற்குப் பதிலாக நிகழ்ச்சி நடத்துவதும் பணம் திரட்டுவதும் உண்டு.

இனி, பெற்றோர் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம்: ஹேஸிங், அதாவது சேர வருகிறவர்களைப் படுத்தும் வழக்கம். நம் ஊர் ராகிங்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங் புதிதாக வந்த யார் மேலும் விழும். ஹேஸிங், உள்ளே வர விரும்புகிறவன் தானே ஒப்புக்கொள்ளும் விலை. வேண்டாம் என்று எழுந்து போக முடியும் என்று தெரிந்தும், ஆறு வாரம் பட்ட பாடு வீணாகிவிடுமே என்று பையன் உட்கார்ந்துவிடுகிறான். உயிர் போவதற்கு அடிக்கடி காரணமாவது சாராயம்: குறுகிய நேரத்தில் ஒரு பாட்டிலை முடிக்கச் சொல்வது, மயங்கியவனைத் 'தூங்கி எழுந்தால் சரியாகும்' என்று படுக்கவைப்பது. குடிக்கும் வயதை 21 ஆக்க மாநிலங்களை நெருக்கிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, மது விடுதிக்குப் போக முடியாத இளம் மாணவர்களின் குடி இந்த வீடுகளுக்குள் ஒதுங்கியது. ஃபை டெல்டா தீட்டா 2000 முதல் தன் வீடுகளில் மதுவையே தடை செய்தது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இல் பிளெட்ஜ் காலத்தையே எடுத்துவிட்டது.

மயங்கியவன் எழுப்பினால் எழவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும். அழைத்தவரைக் குடித்த குற்றத்துக்குத் தண்டிக்காமல் காக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. அங்கே உட்கார்ந்து யோசிக்கும் பத்து நிமிடம் ஓர் உயிர்.

பட்டம் வாங்கிய பிறகும் விடாமல் துரத்துவது இப்படிப்பட்ட சம்பவங்களின் ஆவணங்கள்தான். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்பார்கள். வழக்கறிஞர் உரிமத்திலும் துருவுவார்கள். மாணவ விசாவில் இருப்பவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருமுன்பே விசா ரத்தாகலாம். சங்கத்தின் காப்பீடு தன்னைக் காப்பாற்றும் என்று மாணவத் தலைவர் நினைத்துக்கொண்டிருப்பார். விதியை மீறிய தனிநபருக்கு அந்தக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. வழக்கு அவர் பெற்றோரின் வீட்டுக் காப்பீடுவரை போகும்.

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேஸிங்கில் பிடிபட்ட அமைப்புகளின் பெயரைப் பல்கலைக்கழகங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்கு முன் அந்த அறிக்கையைப் படியுங்கள். பிறகு சாப்டரிடம் கேட்க வேண்டியவை: கடந்த மூன்றாண்டு சராசரி ஜிபிஏ, முதலாண்டின் மொத்தச் செலவு எழுத்தில், இப்போது ஏதாவது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கிறார்களா. நேரான பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள். மூடப்பட்ட சாப்டர் பெரும்பாலும், அப்போதிருந்த மாணவர்கள் எல்லாரும் வெளியேறும்வரை, ஏறக்குறைய நான்காண்டு, திறக்காது. அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்காது.

பட்டம் வாங்கியவர்கள் செய்யத் தவறுவது ஒன்றுண்டு. கல்லூரி மின்னஞ்சல் முகவரியோடு தொடர்பும் செத்துவிடுகிறது. பிளெட்ஜ் கிளாஸில் ஒருவர் பொறுப்பெடுத்து எல்லாருடைய சொந்த மின்னஞ்சலையும் பெற்றோர் வீட்டு முகவரியையும் பட்டமளிப்புக்கு முந்தைய வாரம் வாங்கிவைத்தால் போதும். பழைய உறுப்பினரிடம் வேலை கேட்டு எழுதாமல், அவர் துறையைப் பற்றி இருபது நிமிடம் பேசக் கேட்டால் பதில் வரும். நன்கொடை கொடுக்கும்போதும் கவனம்: சாப்டருக்கு நேரே கொடுப்பதற்கு வருமான வரிக் கழிவு பொதுவாகக் கிடையாது, சங்கத்தின் கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு.

இருபது ஆண்டு தொடர்பே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் எல்லார் முகத்தையும் பெயரோடு சட்டமிட்டு மாட்டும் காம்போசிட் படம் வீட்டுச் சுவரில் தொங்கும். பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் இலையுதிர்கால ஹோம்கமிங் வார இறுதியில் போய் உங்கள் ஆண்டுப் படத்தைக் கைபேசியில் எடுத்து வந்து, பெயர் பெயராகத் தேடத் தொடங்கலாம்.